சமாரியம் டை அயோடைடு: தயாரிப்பு முதல் கழிவு வரை முழு வழிகாட்டி

சமாரியம் டை அயோடைடோடு முதல் தடவை வேலை செய்ய வருகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரே பயம்தான் இருக்கும்: ஈரம் பட்டால் போச்சு. குடுவையை ராத்திரி முழுக்க அடுப்பில் காயப்போடுவார்கள். கரைப்பானில் தண்ணீர் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அளந்து பார்ப்பார்கள். அப்புறம் ஏற்கெனவே ஐந்தாறு ஓட்டை விழுந்த செப்டத்தில் (குடுவையின் வாயை அடைக்கும் ரப்பர் மூடி) ஊசியைச் செருகுவார்கள். கரைசல் மஞ்சளாகிவிடும், பழி தண்ணீர் மேல் விழும்.

இந்தச் சேர்மத்தின் முதல் எதிரி ஆக்சிஜன். தண்ணீர் இரண்டாம் பட்சம். சில வினைகளில் அது வேண்டிய கூட்டாளியும்கூட. இதை மனதில் வாங்கிக்கொண்டால், எந்தப் படியில் கவனத்தைக் கொட்ட வேண்டும், எங்கே கொஞ்சம் தளர்வாக இருக்கலாம் என்பது தானே புரிந்துவிடும். கரிம வேதியியல் ஆய்வகத்தில் சேரும் மாணவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஃபியூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு), மந்த வாயு, மேற்பார்வைக்கு அனுபவமுள்ள ஒருவர் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

இது என்ன பொருள்

சமாரியம் ஓர் அருமண் உலோகம். அருமண் தனிமங்கள் பெரும்பாலும் +3 நிலையில்தான் (மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலை) நிம்மதியாக இருக்கும். சமாரியம், யூரோப்பியம், இட்டெர்பியம் போன்ற சில மட்டும் +2 நிலையிலும் ஓரளவு எளிதாகக் கிடைக்கின்றன. யூரோப்பியம் அந்த நிலையில் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். சமாரியத்துக்கு அது பிடிக்காது. ஓர் எலக்ட்ரானைத் தள்ளிவிட்டு +3-க்குப் போகவே பார்க்கும். தண்ணீரில் இந்த இணையின் திட்ட மின்னழுத்தம் சுமார் −1.55 வோல்ட். கரிமக் கரைப்பானில் கரைந்து கிடைக்கும் ஒரு பொருளுக்கு இது நல்ல ஒடுக்கும் (எலக்ட்ரானைக் கொடுக்கும்) வலு. கீட்டோன், ஆல்கைல் அயோடைடு போன்றவற்றுக்கு ஒவ்வோர் எலக்ட்ரானாகக் கொடுத்து, ரேடிக்கல் (இணை சேராத எலக்ட்ரான் உள்ள துண்டு) வழியாகக் கார்பன்-கார்பன் பிணைப்புகளை உண்டாக்கும்.

1977-இல் பிரான்ஸின் ஓர்சே நகரில் ஆன்ரி ககான் குழுவினர் இதை எளிதாகத் தயாரிக்கும் வழியை வெளியிட்டார்கள். சமாரியம் உலோகத்தையும் 1,2-டை அயோடோ ஈத்தேனையும் டி.எச்.எஃப். கரைப்பானில் (முழுப்பெயர் டெட்ராஹைட்ரோஃபியூரான்) சேர்த்தால் போதும், கருநீலக் கரைசல் கிடைக்கும். அதனால்தான் இன்றைக்கும் இதற்குக் ககான் வினைப்பொருள் என்று பெயர்.

இது வினையூக்கியா, வினைப்பொருளா? நேர்மையாகச் சொன்னால், இத்தனை வருடமும் பெரும்பாலும் செலவாகிப்போகும் வினைப்பொருளாகத்தான் பயன்பட்டது. ஒரு மில்லிமோல் கீட்டோனை ஆல்கஹாலாக ஒடுக்க இரண்டு மில்லிமோல் வேண்டும். 0.1 மோலார் கரைசலில் அது 20 மில்லிலிட்டர். கொஞ்சம் பெரிய அளவில் செய்தால் கரைப்பானும் கழிவும் வாளிக் கணக்கில் சேரும். சமீபத்தில் நிலைமை மாறிவருகிறது. 2019-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் புரோக்டர் குழு, எலக்ட்ரானைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ரேடிக்கல் தொடர்வினைகளில் இதைச் சிறிதளவு வினையூக்கியாகவே ஓட்டிக் காட்டியது. 2024-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்துச் சாரா ரைஸ்மன், ஜோனஸ் பீட்டர்ஸ் குழுக்கள், ஆக்சிஜனோடு இறுகப் பிணைந்துவிடும் +3 சமாரியத்தை மென்மையான அமிலத்தால் விடுவித்து மறுபடி ஒடுக்கும் வழியைக் கண்டார்கள். வினையூக்கியாகச் சேர்க்கும்போது அளவு சிறிது. உள்ளே கசியும் ஆக்சிஜன் மட்டும் அதே அளவுதான். ஆகவே அப்போது கீழே சொல்லும் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

நம் ஊர்த் தொடர்பு ஒன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் தாதுவில் சீரியம், லாந்தனம், நியோடைமியம் இவற்றோடு கொஞ்சம் சமாரியமும் உண்டு. பெயர் வந்தது அங்கிருந்து இல்லை. ருஷ்யச் சுரங்க அதிகாரி சமார்ஸ்கியின் பெயரிலான சமார்ஸ்கைட் என்ற தாதுவில்தான் 1879-இல் லெகாக் தெ புவாபோத்ரான் இந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்தார்.

எல்லா அருமண் வினையூக்கிகளும் காற்றைக் கண்டு ஓடுபவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்காண்டியம், இட்டெர்பியம் டிரைஃபிளேட் உப்புகள் தண்ணீரிலேயே வேலை செய்யும். அவற்றுக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். மறுபக்கம் லாந்தனத்தின் சிலைல் அமைடு சேர்மங்களுக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி, ஏனென்றால் அங்கே உலோகம்-நைட்ரஜன் பிணைப்பே நீரில் உடையும். ஆகவே "காற்றுக்கு ஆகாது" என்ற லேபிளோடு நிறுத்திக்கொள்ளாமல், காற்றில் எது ஆகாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு நஷ்டம்

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். அறை வெப்பத்தில் ஒரு மில்லிலிட்டர் காற்றில் சுமார் 0.21 மில்லிலிட்டர் ஆக்சிஜன், அதாவது ஏறத்தாழ 8.6 மைக்ரோமோல். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு அதிகபட்சம் நான்கு எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளலாம். நம் சேர்மமோ ஆளுக்கு ஒன்றுதான் தரும். அப்படியானால் ஒரு மில்லிலிட்டர் காற்று மோசமான நிலையில் 34 மைக்ரோமோலைத் தின்றுவிடும். 0.1 மோலார் கரைசலில் அது மூன்றில் ஒரு பங்கு மில்லிலிட்டர்.

இப்போது 25 மில்லிலிட்டர் குடுவை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 5 மில்லிலிட்டர் கரைசல், மேலே 20 மில்லிலிட்டர் காலி இடம். அதை ஒழுங்காக மந்த வாயுவால் நிரப்பாமல் பாதி காற்றை விட்டுவைத்தாலே 3.4 மில்லிலிட்டர் வரை காலி. வினை பாதியில் நின்றதற்கு ஒட்சைடு, வினைவேகம் என்று பெரிய காரணங்கள் தேடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தண்ணீர் விஷயம் வேறு. ஆக்சிஜன் நீக்கிய தண்ணீரை இந்த நீலக் கரைசலில் விட்டால் அது செக்கச்சிவந்த ஒயின் நிறத்துக்கு மாறும். கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல அது. தண்ணீர் சமாரியத்தோடு போய்ப் பிணைந்திருக்கிறது. ஹைட்ரஜனை வெளியேற்றிக் கெட்டுப்போவது மெதுவாகத்தான் நடக்கும். அதற்குள் வினையை முடித்துவிடலாம். சொல்லப்போனால் அந்தக் கரைசலின் ஒடுக்கும் வலு முன்னைவிட அதிகம். 2019-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் நிஷிபயாஷி குழு, சமாரியம் டை அயோடைடையும் தண்ணீரையும் சேர்த்து, மாலிப்டினம் வினையூக்கியின் உதவியோடு சாதாரண வெப்பத்திலும் அழுத்தத்திலும் நைட்ரஜனை அம்மோனியாவாக்கியது. ஒரு வினையூக்கி மூலக்கூறுக்கு 4,350 வரை அம்மோனியா கிடைத்தது. தண்ணீர் பட்டதும் செத்துப்போகிற பொருளால் அது நடந்திருக்காது.

அப்படியானால் கரைப்பானை உலர்த்துவது எதற்கு? தயாரிக்கும்போது உலோகத் துகளின் மேல் ஹைட்ராக்சைடு தோல் படிந்தால் வினை தொடங்காது. அப்புறம், கரைசலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது நம் விருப்பப்படி இருக்க வேண்டும்; தற்செயலாக வந்த தண்ணீர் வினையின் போக்கை மாற்றிவிடும்.

கரைப்பான்

டி.எச்.எஃப். 66 டிகிரியில் கொதிக்கும். தீப்பற்று நிலை −14 டிகிரி. ஆவி காற்றைவிடக் கனமானது, மேசை மேல் தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் சூட்டுத் தகட்டில் பற்றிக்கொள்ளும். இதைவிட நயவஞ்சகமானது பெராக்சைடு. காற்றும் வெளிச்சமும் பட்டு நாளாக ஆக டி.எச்.எஃப்.-இல் பெராக்சைடு சேரும். அப்படிப்பட்டதைக் காய்ச்சி வடித்தால் கடைசித் துளிகளில் வெடிக்கலாம். பாட்டிலைத் திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள், காய்ச்சும் முன் பெராக்சைடு சோதனைத் தாளால் பாருங்கள். இதைத் தடுக்கக் கம்பெனிக்காரர்கள் பி.எச்.டி. (BHT) என்ற ஃபீனால் சேர்ப்பார்கள். நம் வேலைக்கு அது புரோட்டானைக் கொடுக்கும் அழுக்கு, ஆகவே நீக்கியாக வேண்டும். நீக்கியபின் பெராக்சைடு இன்னும் வேகமாகச் சேரும் என்பதால் தேவையான அளவு மட்டும் எடுங்கள்.

பழைய முறை சோடியம்-பென்சோஃபீனோன் வடிகலம். அதுவும் கருநீலம் காட்டும். புதிதாக வருகிறவர்கள் இரண்டு நீலங்களையும் பார்த்துக் குழம்புவது உண்டு. அந்த வடிகலத்தைக் கவனமில்லாமல் ஓட்டி எரிந்த ஆய்வகங்கள் ஏராளம். அலுமினா நிரப்பிய கரைப்பான் சுத்திகரிப்புக் குழாய் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அதுவும் இல்லையா, பி.எச்.டி. சேர்க்காத டி.எச்.எஃப். வாங்கி, 300 டிகிரியில் சூடாக்கித் தயார் செய்த 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடை மணிகளை நூறு மில்லிலிட்டருக்கு 20 கிராம் வீதம் போட்டு, மந்த வாயுவின் கீழ் மூன்று நாள் வையுங்கள். பொறுமை ஒன்றுதான் செலவு.

ஆனால் கவனியுங்கள்: சல்லடை தண்ணீரை எடுக்கும், ஆக்சிஜனை எடுக்காது. எத்தனை பிபிஎம் என்று பெருமையாக அளந்த கரைப்பானிலும் காற்று கரைந்தே இருக்கும். நீண்ட ஊசி வழியாக ஆர்கானை அரை மணி நேரம் குமிழி விட்டு அதை விரட்ட வேண்டும். ஆவியாகி அளவு குறையாமலிருக்க வேகத்தைக் குறைத்து வையுங்கள்.

உறையவைத்து, உறிஞ்சி, உருகவைக்கும் முறையில் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. திரவ நைட்ரஜன் −196 டிகிரி. ஆக்சிஜன் −183-லும் ஆர்கான் −186-லும் கொதிப்பவை. அதாவது திரவ நைட்ரஜனில் மூழ்கிய பாத்திரத்துக்குள் காற்று கசிந்தால் திரவ ஆக்சிஜன் சேரும். கரிமக் கரைப்பானோடு சேர்ந்த திரவ ஆக்சிஜன் வெடிமருந்துக்குச் சமம். ஆர்கானைத் திறந்துவிட்டால் ஆர்கான் திரவமாகிச் சேரும். மூடிய பாத்திரம் சூடேறும்போது வெடிக்கும். குளிர்வித்த பாத்திரத்தில் வெளிறிய நீலத் திரவம் தெரிந்தால் அதைத் தொடாதீர்கள், நைட்ரஜனை அகற்றாதீர்கள். வெற்றிடப் பம்பு ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும். எல்லோரையும் வெளியேற்றிவிட்டுப் பொறுப்பாளரை அழையுங்கள்.

தயாரிப்பு: 100 மில்லிலிட்டர், 0.1 மோலார்

டி.எச்.எஃப்.-இல் சமாரியம் டை அயோடைடு சுமார் 0.1 மோலார் வரைதான் கரையும். அதைவிட அடர்த்தியாகச் செய்ய முயல்வதில் பயனில்லை. எனக்குப் பிடித்தது ஆர்கான். நைட்ரஜனும் சரிதான், இந்தக் கரைசல் சாதாரணமாக அதைத் தொடாது. ஆனால் இதே +2 சமாரியத்தை டெகா மெத்தில் சமாரோசீனாக மாற்றிவிட்டால் அது நைட்ரஜனையே பிடித்துக்கொள்ளும் என்று 1988-இல் வில்லியம் எவன்ஸ் குழு காட்டியது. ஈந்தணைவி (உலோகத்தோடு பிணைந்திருக்கும் தொகுதி) மாறினால் "மந்த வாயு" என்ற சொல்லின் பொருளும் மாறும்.

வேண்டியவை: சமாரியம் உலோகத் துகள் 2.0 கிராம், அயோடின் 2.54 கிராம், உலர்த்தி ஆக்சிஜன் நீக்கிய டி.எச்.எஃப். 100 மில்லிலிட்டர், 250 மில்லிலிட்டர் ஷ்லெங்க் குடுவை (வெற்றிடமும் மந்த வாயுவும் இணைக்கப் பக்கக் குழாய் உள்ளது), குளிர்விப்பான், காந்தக் கலக்கி, எண்ணெய் பபிளர் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாதது). அயோடின் 10 மில்லிமோல்; உலோகம் 13 மில்லிமோலுக்குச் சற்று மேல். மிச்ச உலோகம் வேண்டுமென்றே விடுவது. உள்ளே கசியும் ஆக்சிஜனால் +3-க்குப் போன சமாரியத்தை அது திரும்ப +2-க்கு இழுத்துக்கொண்டே இருக்கும்.

1. உலோகத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பளபளப்பு இருந்தால் நல்லது. மங்கி மஞ்சளோ வெள்ளையோ தூசி படிந்திருந்தால் ஒட்சைடு. நுண்ணிய துகள் காற்றில் தீப்பற்றக்கூடியது, ஆகவே கட்டியாகவோ சீவலாகவோ வாங்கித் தேவைக்கேற்ப ஆர்கானுக்குள் உரசிக்கொள்வது பாதுகாப்பு. பழைய துகள் என்றால் கரைப்பான் சேர்க்காமல் காந்தத் துண்டோடு ஆர்கானின் கீழ் ஒரு ராத்திரி உலர்க்கலக்கல் செய்யுங்கள். துகள்கள் ஒன்றோடொன்று உரசித் தோல் உரியும். அதிகம் பேசப்படாத இந்தப் படிதான் பாதித் தோல்விகளைத் தடுக்கிறது என்பது என் கருத்து.

2. அடுப்பிலிருந்து சூடாக எடுத்த குடுவையை வெற்றிடத்தில் ஆறவிட்டு ஆர்கான் நிரப்புங்கள். உலோகத்தைப் போட்டு வெற்றிடம்-ஆர்கான் சுழற்சியை மூன்று முறை செய்யுங்கள். வெற்றிடக் குழாயை மெதுவாகத் திறக்கவும், இல்லையென்றால் துகள் பறந்து வெற்றிட லைனுக்குள் போய்விடும். இரும்புச்சத்து உள்ள துகள் காந்தத்தில் ஒட்டுவதுபோல் சமாரியம் ஒட்டாது, பறந்தால் பறந்ததுதான்.

3. டி.எச்.எஃப்.-ஐ ஊசி வழியாகச் சேர்த்து, கலக்கியபடியே மேலும் பத்து நிமிடம் ஆர்கான் குமிழி விடுங்கள்.

4. ஆர்கான் வேகமாக ஓடும்போது வாயைத் திறந்து அயோடினைச் சிறு பங்குகளாகப் போடுங்கள். சூடு கிளம்பும்; அடங்கியபின் அடுத்த பங்கு. அயோடினைக் கிளவ் பாக்ஸுக்குள் (மந்த வாயு நிரப்பி, கையுறை வழியாக வேலை செய்யும் மூடிய பெட்டி) நிறுக்க வேண்டாம். அதன் ஆவி ஆக்சிஜன் வடிகட்டியில் இருக்கும் செம்பைப் பாழாக்கும், பெட்டிக்கே ஆபத்து. ஹூடில் நிறுப்பதே நல்லது.

5. குளிர்விப்பானைப் பொருத்தி, பபிளர் திறந்திருப்பதை உறுதி செய்து, குடுவையை அலுமினியத் தாளால் மூடி 60 டிகிரியில் ராத்திரி முழுக்கக் கலக்குங்கள். முழுக்க மூடிய பாத்திரத்தை ஒருபோதும் சூடாக்காதீர்கள்.

நிறம் கதை சொல்லும். முதலில் அயோடினின் பழுப்பு; அது மறைந்து மஞ்சள்; அதுதான் டிரை அயோடைடு, அதாவது +3. பிறகு பச்சை. பச்சை என்று தனிச் சேர்மம் எதுவும் இல்லை, மஞ்சளும் நீலமும் கலந்து தெரிவதுதான். மிச்ச உலோகம் டிரை அயோடைடைத் தின்றுகொண்டே போக, கடைசியில் விளக்கைப் பிடித்தாலும் ஊடுருவாத கருநீலம். மஞ்சளிலேயே நின்றுவிட்டால் உலோகத்தின் மேல் தோல் இருக்கிறது: மீயொலித் தொட்டியில் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். நீலம் வந்து, சூட்டை நிறுத்தியபின் பச்சைக்குத் திரும்பினால் எங்கோ காற்று கசிகிறது. மூட்டுகளையும் கிரீஸையும் பாருங்கள்.

ககானின் மூல வழியில் அயோடினுக்குப் பதில் 2.82 கிராம் 1,2-டை அயோடோ ஈத்தேன். சூடு தேவையில்லை, வினை சுத்தமாக நடக்கும். ஆனால் அந்தச் சேர்மம் வெளிச்சத்தில் சிதைந்து அயோடினை விடும். பாட்டிலில் பெரும்பாலும் பழுப்பாகத்தான் இருக்கும். ஈதரில் கரைத்து, சோடியம் தயோசல்பேட் கரைசலால் நிறம் போகும்வரை கழுவி, உலர்த்தி, இருட்டில் ஆவியாக்கி வெண்படிகமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, 10 மில்லிமோலுக்குக் கிட்டத்தட்ட கால் லிட்டர் எத்திலீன் வாயு வெளிவரும். வாயு வெளியேற வழியும் நல்ல ஹூடும் இருந்தாக வேண்டும். இரண்டில் நான் அயோடின் வழியையே தேர்ந்தெடுப்பேன்.

தரம்பார்த்தல்

நிறம் நீலமாக இருப்பது செறிவுக்குச் சான்று அல்ல. 0.1-இல் பாதி போயிருந்தாலும் கண்ணுக்கு நீலமாகவே தெரியும். வாங்கிய பாட்டிலாக இருந்தாலும் அன்றன்றைக்கு அளந்துவிடுங்கள்.

சின்னக் குடுவையில் அயோடின் 63.5 மில்லிகிராம் துல்லியமாக நிறுத்து, ஆர்கான் நிரப்பி, ஆக்சிஜன் நீக்கிய டி.எச்.எஃப். சில மில்லிலிட்டர் சேருங்கள். அது 0.25 மில்லிமோல், அரை மில்லிமோல் சமாரியம் டை அயோடைடை எடுத்துக்கொள்ளும். நீலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பழுப்பு வெளுத்து மஞ்சளாகும். அதன்பின் விழும் சொட்டு மறையாமல் கரைசல் முழுவதும் பச்சை சாய்ந்து நின்றால் முடிவுநிலை. 5.0 மில்லிலிட்டர் செலவானால் 0.100 மோலார். 5.6 ஆனால் 0.089. 7-க்கு மேல் போனால் பயன்படுத்தும் முன் தயாரிப்பையோ சேமிப்பையோ திருத்துவதே மேல்.

கலக்கியை நிறுத்தி, உலோகத் துகள் அடியில் படிந்தபின் மேலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். துகள் ஊசியில் ஏறினால் அடைக்கும், கணக்கும் தப்பும்.

எடுத்தல், சேர்த்தல்

ரப்பர் முனையுள்ள பிளாஸ்டிக் சிரிஞ்சு டி.எச்.எஃப்.-இல் உப்பிச் சிக்கிக்கொள்ளும். கண்ணாடியோ, ரப்பர் இல்லாத முழு பாலிபுரோபிலீன் சிரிஞ்சோ எடுங்கள். ஊசியைச் செப்டத்துக்குள் விட்டு, திரவத்துக்கு மேலே வைத்து, ஆர்கானை இழுத்து வெளியே தள்ளுங்கள், மூன்று முறை. பிறகு திரவத்தை இழுத்து, ஊசியைத் திரவத்துக்கு மேலே தூக்கி, கொஞ்சம் ஆர்கானையும் இழுத்துக்கொண்டு வெளியே எடுங்கள். ஊசிக்குள் திரவத்துக்கு முன்னால் ஆர்கான் இருப்பதால், ஒரு குடுவையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சில நொடிகளில் காற்று படாது. முனையில் மஞ்சள் பொருக்கு உடனே தோன்றினால் அது இயல்பு, பதற வேண்டாம். 20 மில்லிலிட்டருக்கு மேல் என்றால் சிரிஞ்சு வேண்டாம், கான்யூலா (இரு முனையும் கூரான நீண்ட ஊசிக்குழாய்) வழியாக ஆர்கான் அழுத்தத்தில் மாற்றுங்கள். செப்டத்தை அடிக்கடி மாற்றுங்கள். விலை மலிவு, உள்ளே இருப்பது மலிவில்லை.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான நைட்ரைல் கையுறையை டி.எச்.எஃப். சீக்கிரமே ஊடுருவிவிடும். இரட்டையாகப் போட்டு, மேலே சிந்தினால் உடனே கழற்றி மாற்றுங்கள். கையுறை போட்டிருக்கிறோமே என்று நனைந்த கையோடு வேலையைத் தொடர்வது, போடாததைவிட மோசம்.

வினைக் கலவையிலிருந்தும் ஆக்சிஜனை நீக்கியிருக்க வேண்டும். மூலப்பொருளின் கரைசல், சேர்க்கும் தண்ணீர், ஆல்கஹால் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மேலே போட்ட கணக்கைப் பலரும் குடுவைக்கு மட்டும் பொருத்திவிட்டு இவற்றை மறந்துவிடுகிறார்கள். சேர்த்த நீலம் உடனே மறைந்தால் வினை வேகமாக நடக்கிறது. மறையாமல் நின்றால் வினை முடிந்தது, அல்லது தொடங்கவே இல்லை. இரண்டில் எது என்று மெல்லடுக்கு வண்ணப்படிவுத் தட்டில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வேகத்தைக் கூட்டப் பழைய செய்முறைகள் எச்.எம்.பி.ஏ. (ஹெக்சாமெத்தில் பாஸ்போரமைடு) சேர்க்கச் சொல்லும். நீலம் ஊதாவாகும், வினை மின்னல் வேகத்தில் நடக்கும் என்பது உண்மை. ஆனால் அது புற்றுநோய் ஆபத்துள்ள பொருள், தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். வேறு வழியே இல்லையென்றால் ஒழிய நான் தொட மாட்டேன். வெறும் வலு வேண்டுமென்றால் தண்ணீரோடு டிரை எத்தில் அமீன் போன்ற ஓர் அமீன் சேர்த்தாலே பல ஒடுக்கங்கள் சட்டென்று முடியும். லித்தியம் புரோமைடு சேர்த்து டை புரோமைடாக மாற்றிக்கொள்வதும் ஒரு வழி. ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: வலுவைக் கூட்டும்போது, இதுவரை தொடாமல் விட்ட வேறு தொகுதிகளும் ஒடுங்கத் தொடங்கும்.

சேமிப்பு

கொஞ்சம் சமாரியம் உலோகம் அடியில் கிடக்க, ஆர்கானின் கீழ், இருட்டில், அறை வெப்பத்தில். ஃபிரிஜ்ஜில் வைக்காதீர்கள், குளிரில் படிகமாக விழுந்து மேல்திரவம் வெளுக்கும். அப்படி ஆகிவிட்டால் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து கலக்கினால் கரையும், பிறகு மறுபடி தரம்பார்க்க வேண்டும். கரைப்பானை முழுக்க உறிஞ்சிப் பொடியாக வைக்க ஆசைப்பட்டால் கிளவ் பாக்ஸ் கட்டாயம்.

முடித்தல், கழிவு, விபத்து

வினை முடிந்ததும் குடுவையைக் காற்றுக்குத் திறந்து கலக்குங்கள். நீலம் போய் மஞ்சளாகும். அந்த மஞ்சளில் கொஞ்சம் அயோடினும் இருக்கலாம், தயோசல்பேட் கரைசல் அதை எடுத்துவிடும். பிரிபுனலில் சமாரியம் ஹைட்ராக்சைடு பால்போல நுரைத்து அடுக்கு பிரியாமல் அடம்பிடிக்கும். ரோஷெல் உப்பின் (சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட்) கரைசல் விட்டு நன்றாகக் கலக்கினால் சமாரியத்தை நீர் அடுக்குக்கு இழுத்துக்கொண்டு அடுக்கு தெளியும். சேர்மம் அமிலத்தைத் தாங்கும் என்றால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இன்னும் வேகம்.

மிச்ச உலோகம் இருக்கும் பழைய குடுவையை மட்டும் இப்படித் திறக்காதீர்கள். வடிதாளில் காய்ந்த நுண்துகள் தானே பற்றலாம். ஆர்கானின் கீழ் குளிர்வித்து, ஐசோபுரோப்பனாலைச் சிறிது சிறிதாகவும், குமிழி அடங்கியபின் தண்ணீரையும், கடைசியாக நீர்த்த அமிலத்தையும் சேருங்கள். ஹைட்ரஜன் வரும், வெளியேற வழி விடுங்கள், பக்கத்தில் தீப்பொறி கூடாது.

நீர்க் கழிவில் அயோடைடு நிறைய இருக்கும். அதை நைட்ரிக் அமிலமோ ப்ளீச்சோ இருக்கும் கேனில் ஊற்றினால் ஊதா நிற அயோடின் ஆவி கிளம்பும். உலோக உப்புக் கழிவு என்று தனியாகப் பெயர் எழுதிச் சேருங்கள். கரிம அடுக்கில் அயோடின் சேர்மங்கள் இருந்தால் ஹாலஜன் கழிவு கேனுக்கு.

கரைசல் சிந்தினால் முதல் ஆபத்து டி.எச்.எஃப். தீ, சமாரியம் இல்லை. சூட்டுத் தகடுகளை அணைக்க நேரமிருந்தால் அணைத்து, மணலாலோ வெர்மிகுலைட்டாலோ மூடுங்கள். நீலம் தானாகவே மஞ்சளாகிவிடும். உலோகத் துகள் தீப்பிடித்தால் தண்ணீரும் கரியமில வாயு அணைப்பானும் கூடாது. காய்ந்த மணல் அல்லது உலோகத் தீக்கான டி வகை அணைப்பான்தான். மணல் வாளி எங்கே இருக்கிறது என்று குடுவையைத் தொடும் முன்பே பார்த்து வையுங்கள், அது உண்மையிலேயே காய்ந்திருக்கிறதா என்றும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஊசியையும் சிரிஞ்சையும் எடுத்த கையோடு டி.எச்.எஃப்.-ஆலும், பிறகு நீர்த்த அமிலத்தாலும், தண்ணீராலும், அசிட்டோனாலும் கழுவுங்கள். ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் துளை அடைத்துவிடும், ஊசியைக் குப்பையில்தான் போட வேண்டியிருக்கும்.